மூன்று திடல்களும் ஒரு திரையும்: சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத்தைக் காட்டிய கேமராவின் வரலாறு

சிங்கப்பூரில் 1843 முதல் 2024 வரை, போர்க்கால இடைவெளி நீங்கலாக, குதிரைப் பந்தயம் மூன்று திடல்களில் நடந்தது. முதல் திடல் சிராங்கூன் சாலைக்கு அருகில், இன்று லிட்டில் இந்தியா எனப்படும் வட்டாரத்தை ஒட்டிய ஃபேரர் பார்க்கில் இருந்தது; இரண்டாவது புக்கிட் தீமாவிலும் மூன்றாவது கிராஞ்சியிலும் அமைந்தன. தீவின் வடமேற்கிலுள்ள புக்கிட் பாஞ்சாங், அப்பர் புக்கிட் தீமா சாலை முடிந்து உட்லண்ட்ஸ் சாலை தொடங்கும் இடத்தில், பின்னிரண்டு திடல்களுக்கும் நடுவே கிடக்கும் நகரம். 1999-இல் புக்கிட் தீமாத் திடல் மூடப்பட்டு 2000-இல் கிராஞ்சித் திடல் திறக்கப்பட்டபோது பந்தயம் இந்நகரைத் தாண்டி வடக்கே பெயர்ந்தது; 2015 டிசம்பரில் திறக்கப்பட்ட டௌன்டவுன் ரயில் தடத்தின் இரண்டாம் கட்டம் இந்நகரை லிட்டில் இந்தியாவோடு நேராக இணைத்ததால், முதல் திடலின் வட்டாரமும் வண்டி மாறாமல் சென்றடையும் தொலைவுக்கு வந்தது. பந்தயத்தின் மூன்று காலங்களுக்கும் இவ்வளவு அருகிலிருந்த, வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகள் கொண்ட ஒரு நகரில்கூடக் குதிரைப் பந்தயம் கால்பந்தைப் போலக் குடும்பமாக அமர்ந்து பார்க்கும் விளையாட்டாக ஏன் ஆகவில்லை என்பது கேட்கத்தக்க கேள்வி. அதற்கான விடையில் ஒரு பெரும் பங்கு கேமராவின் வரலாற்றில் அடங்கியிருக்கிறது. பந்தயத் திடலில் கேமரா முதலில் நடுவரின் கண்ணாக வந்தது. அடுத்துப் பணம் கட்டியவரின் கண்ணாயிற்று. எதுவும் கட்டாமல் சும்மா பார்க்க விரும்பும் பொதுப் பார்வையாளருக்காக அது தாமதமாகவும், அதுவும் ஆண்டில் ஓரிரு நாள் மட்டுமே, திறந்தது.

முதல் திடலின் காலத்தில் இப்படி ஒரு கண் தேவைப்படவில்லை. 1842 அக்டோபரில் வில்லியம் ஹென்றி மெக்லியட் ரீட் என்ற வணிகரும் அவருடைய நண்பர்களும் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற சங்கத்தை நிறுவினர். 1843 பிப்ரவரி 23 அன்று முதல் பந்தயம் நடந்தது. அதன் பரிசு 150 வெள்ளி. சதுப்பும் புதரும் மண்டிய நிலத்தைத் திருத்தி அமைத்த அத்திடல், மாடு வளர்ப்போரும் பால்காரரும் வண்டிக்காரரும் குடியேறிய சிராங்கூன் சாலை வட்டாரத்தின் ஓரத்தில் இருந்தது. உறுப்பினர்களுக்கெனக் கூரை வேய்ந்த மேடை ஒருபுறம் இருக்க, திடலின் மறுபுறம் நின்று பார்க்க யாருக்கும் தடையில்லாத திறந்த வெளியாக அது நெடுங்காலம் இருந்தது. பந்தயம் ஆண்டில் சில நாள்களே நடந்ததால், மற்ற நாள்களில் அந்த நிலம் நகரத்தின் பொது மைதானமாயிற்று. 1911 மார்ச்சில் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜோசப் கிறிஸ்தியான்ஸ் சிங்கப்பூரின் முதல் விமானப் பயணத்தைத் தொடங்கிக் காட்டியது இத்திடலிலிருந்துதான். பந்தயம் அங்கிருந்து வெளியேறிய பின்னரும் அந்த நிலம் வரலாற்றை விட்டுவிடவில்லை: 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரவர் ஃபேரர் பார்க்கில் திரட்டப்பட்டு ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர், இந்திய தேசிய இராணுவத்தின் பிறப்பை வரலாற்றாசிரியர்கள் அந்தக் கூட்டத்திலிருந்தே கணக்கிடுகின்றனர். லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் சாலை வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர்பெற்று விளங்கும் இந்நாளில், அச்சாலைக்குப் பெயர் தந்த ஓடுதளத்தை நினைப்போர் சிலரே.

1924-இல் சிங்கப்பூர் டர்ஃப் கிளப் எனப் பெயர் மாற்றிக்கொண்ட அச்சங்கம், நகரம் நெருக்கியதால், புக்கிட் தீமாவில் ரப்பர்த் தோட்ட நிலம் ஒன்றை வாங்கி, 1933 ஏப்ரலில் புதிய திடலைத் திறந்தது. ஆளுநர் சர் செசில் கிளமெண்டி திறந்துவைத்த அத்திடல், அமைப்பில் முந்தையதன் நேர் எதிர். நுழைவாயிலும் சீட்டும் பல அடுக்கு அரங்கும் கொண்ட அது ஊருக்கு வெளியே இருந்தது. வேடிக்கை பார்க்க வேலியோரம் வந்து நிற்கும் வழிப்போக்கனுக்கு அங்கே இடமில்லை. பந்தயம் பொதுக்கண்ணிலிருந்து முதன்முதலாக விலகியது இந்த இடமாற்றத்தில்தான் என்பதைத் தொலைக்காட்சியின் கதையைப் பேசுவோர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திரை வந்ததால் மக்கள் திடலைவிட்டு அகன்றார்கள் என்று சொல்வதற்கு முன்னால், திடல் அவர்களை விட்டு அகன்று முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெரிய திடல் நடுவர்களுக்கும் ஒரு சிக்கலை உண்டாக்கியது. மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் ஒரு கோட்டைக் கடக்கும்போது, மூக்கு நுனி அளவில் முந்தியது எது என்பதை மனிதக் கண் உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்குப் பிறந்த கருவியே முடிவுக்கோட்டுக் கேமரா. இது சாதாரண நிழற்படக் கருவி அன்று. முடிவுக்கோட்டுக்கு நேரே மிகக் குறுகிய ஒரு பிளவு வைக்கப்பட்டு, அதன் பின்னே படச்சுருள் குதிரைகளின் வேகத்துக்கு ஒப்ப நகர்த்தப்படும். ஆகவே அப்படத்தில் இடமிருந்து வலமாகத் தெரிவது இடம் அன்று, காலம். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எங்கெங்கே இருந்தன என்பதை அப்படம் காட்டுவதில்லை. ஒரே கோட்டை ஒவ்வொன்றும் எப்போது கடந்தது என்பதையே காட்டுகிறது. பிரிட்டனில் 1947-இல் எப்சம் திடலில் புழக்கத்துக்கு வந்த இக்கருவி விரைவில் ஆசியத் திடல்களுக்கும் பரவியது. அதற்குப் பின் வந்தது ரோந்துப் படம்: ஓடுதளத்தின் பல மூலைகளில் உயர்ந்த கோபுரங்கள் எழுப்பி, குதிரைகள் நேர் எதிரே ஓடிவரும் கோணத்தில் படமெடுத்து, ஒரு ஜாக்கி இன்னொருவரை நெருக்கினாரா, குதிரையை வேண்டுமென்றே அடக்கிப் பிடித்தாரா என்று விசாரிக்கும் பந்தய அதிகாரிகளுக்குச் சான்றாக வைக்கும் முறை அது. இவ்விரண்டு கேமராக்களுக்கும் அழகுணர்ச்சியோ கதையார்வமோ கிடையாது. தீர்ப்புச் சொல்வதே அவற்றின் வேலை.

பந்தயத்தைக் கதையாக்கும் கேமரா வேறொரு நாட்டில் வளர்ந்தது. 1931-இல் ஜான் லோகி பேர்ட் எப்சம் டெர்பியின் முடிவுக் காட்சியை மங்கலான தொலைக்காட்சிப் படமாக அனுப்பினார். மறு ஆண்டு லண்டனில் மெட்ரோபோல் திரையரங்கில் அமர்ந்திருந்தோர் அதே பந்தயத்தை நடக்கும்போதே திரையில் கண்டனர். ஆனால் தொலைக்காட்சி இப்பந்தயங்களை வீட்டுக்குள் கொண்டுவருவதைப் பந்தய உரிமையாளர்களே தடுத்தனர். வீட்டில் பார்ப்பவர் சீட்டு வாங்கித் திடலுக்கு வரமாட்டார் என்ற அச்சம் அவர்களை ஆட்டிவைத்தது. லிவர்பூலுக்கு அருகிலுள்ள எயின்ட்ரீ திடலை நடத்திய மிராபெல் டாப்ஹம் அம்மையார், கிராண்ட் நேஷனல் என்ற நீண்ட தடைதாண்டு பந்தயத்தின் ஒலிபரப்பு உரிமைபற்றிப் பிபிசியுடன் பிணங்கி, 1952-இல் தம் சொந்த ஆள்களைக் கொண்டே வானொலி வர்ணனை சொல்லவைத்தார். அது நன்றாக அமையவில்லை. 1960-இல்தான் அப்பந்தயம் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. அதன்பின் ஆண்டுக்கொருமுறை, பந்தயத்தில் வேறெப்போதும் நாட்டமில்லாத குடும்பங்களும் அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பெட்டியின் முன் அமர்வது பிரிட்டனில் வழக்கமாயிற்று.

அந்த வழக்கம் தானாக வந்துவிடவில்லை. அதற்கென ஒரு செய்முறை உருவாக்கப்பட்டது. 1,200 மீட்டர் பந்தயம் ஒன்று ஏறத்தாழ 70 விநாடியில் முடிந்துவிடும். இரண்டு பந்தயங்களுக்கு இடையிலோ அரைமணி நேரம் கிடக்கும். ஒரு பிற்பகல் முழுவதும் ஒளிபரப்பினால் ஓட்டம் நடக்கும் நேரம் பத்து நிமிடத்தைச் சற்றே தாண்டும், எஞ்சியது எல்லாம் காத்திருப்பே. அந்தக் காத்திருப்பை நிரப்புவதில்தான் தொலைக்காட்சியின் திறமை இருந்தது: குதிரைகளை நடத்திக் காட்டும் வளையத்திலிருந்து ஒவ்வொரு குதிரையின் நடையையும் வியர்வையையும் விளக்குதல், ஜாக்கியும் பயிற்சியாளரும் லாயப் பணியாளரும் யார் என்று அறிமுகம் செய்தல், வந்திருக்கும் பெண்களின் தொப்பிகளைக் காட்டுதல். இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாது. யாரென்று தெரியாத பன்னிரண்டு குதிரைகள் ஓடுவதைப் பார்ப்பவருக்கு அது தூசி கிளப்பும் கூட்டம். அவற்றுள் ஒன்றன் கதை தெரிந்தால் அதுவே நாடகம். ஓட்டத்தைப் படமாக்குவதிலும் ஒரு சங்கடம் உண்டு. அரங்கின் கூரையிலிருந்து நீண்ட லென்ஸில் எதிர்ப்புற நேர்த்தடத்தைக் காட்டும்போது தொலைவுகள் சுருங்கிக் குதிரைகள் மிதப்பதுபோலத் தோன்றும், வேகம் புலப்படாது. அதனால்தான் ஓடுதளத்துக்கு இணையாக விரையும் வண்டியில் கேமரா வைக்கும் முறையைப் பிற்காலத்தில் கைக்கொண்டனர். 1973 ஜூன் 9 அன்று அமெரிக்காவின் பெல்மாண்ட் பந்தயத்தில் செக்ரிடேரியட் என்ற குதிரை 31 குதிரை நீளம் முந்தி வென்றபோது, பின்தங்கிய குதிரைகளையும் ஒரே சட்டகத்துக்குள் வைக்கக் கேமரா காட்சியை அகலமாக்க வேண்டியிருந்தது. அந்த விரிவே வெற்றியின் அளவைப் பார்வையாளருக்கு எந்த எண்ணையும்விடத் தெளிவாகச் சொன்னது.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15 அன்று வெள்ளோட்டமாகத் தொடங்கியது. தொடக்க நிகழ்ச்சியில் முதலில் தோன்றியவர் அன்றைய கலாசார அமைச்சரும் யாழ்ப்பாணத் தமிழ் மரபினருமான எஸ். ராஜரத்தினம். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளுக்கும் நேரம் பகிர்ந்தளிக்கப்பட்ட அந்த ஒளிபரப்பு, அரசின் பொறுப்பில் கல்வியும் நாட்டு ஒற்றுமையும் வளர்க்கும் கருவியாகக் கருதப்பட்டது. கட்டுப்பாடற்ற சூதாட்டத்தையும் இரகசியச் சங்கங்களின் பிடியிலிருந்த பந்தயத் தரகர்களையும் ஒடுக்கச் சட்டங்கள் இயற்றிக்கொண்டிருந்த ஓர் அரசு, அதே சூதாட்டத்தோடு பிரிக்க முடியாதபடி பின்னிய ஒரு விளையாட்டைத் தன் திரையில் வாரந்தோறும் கொண்டாட முனைந்திராது. பெரிய நாள்கள் செய்தியாயின: 1972 பிப்ரவரியில் இரண்டாம் எலிசபெத் அரசியார் புக்கிட் தீமாத் திடலுக்கு வந்தது அத்தகைய நாள். ஆனால் அன்று கேமரா பின்தொடர்ந்தது அரசியாரையே, குதிரைகளை அன்று. தமிழுக்குக் கிடைத்த குறுகிய ஒளிபரப்பு நேரம் செய்திக்கும் நாடகத்துக்கும் திரைப்படத்துக்குமே போதாமல் இருந்தது. தமிழில் பந்தய வர்ணனை என்ற ஒரு கலை வேரூன்ற அங்கே இடமே இருக்கவில்லை.

அப்படியானால் டர்ஃப் கிளப் சாதாரண வீடுகளுக்குள் எவ்வாறு நுழைந்தது? குதிரையின் வழியாக அன்று, எண்ணின் வழியாக. 1966-இல் டர்ஃப் கிளப் நாலு நம்பர் எனப்படும் நான்கிலக்கக் குலுக்கலைச் சிங்கப்பூரில் தொடங்கியது. கெடாவில் பள்ளி மாணவர் ஒருவரின் சிறு ஆட்டமாகத் தோன்றியதாகச் சொல்லப்படும் இதில், கனவில் கண்ட எண்ணும் விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணும் வீட்டுக் கதவெண்ணும் பந்தயப் பொருளாயின. குதிரையின் வயதோ வம்சமோ அறியத் தேவையில்லை. நடுவிலொரு திடலும் வேண்டியதில்லை. பந்தயச் சங்கமே நடத்திய இந்த ஆட்டம், பந்தயம் என்றால் பார்ப்பதற்குரியது என்ற எண்ணத்தைப் பொதுமனத்திலிருந்து அகற்றி, பந்தயம் என்றால் முடிவெண்ணுக்காகக் காத்திருப்பது என்ற எண்ணத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டது என்றே சொல்லவேண்டும். தொலைக்காட்சி செய்யத் தவறியதைவிட நாலு நம்பர் செய்து முடித்ததே பெரிது.

1988-இல் அரசு டோட்டலைசேட்டர் வாரியத்தை நிறுவியது. டோட்டலைசேட்டர் என்பது பந்தயப் பணம் அனைத்தையும் ஒரே குவியலாகத் திரட்டி, வரியையும் செலவையும் கழித்துக்கொண்டு, மீதியை வென்ற சீட்டுக்காரரிடையே பகிர்ந்தளிக்கும் முறை. இதில் ஒரு குதிரைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முன்கூட்டியே யாரும் உறுதிசெய்ய முடியாது. அதன்மேல் எவ்வளவு பணம் விழுகிறதோ அவ்வளவுக்குக் கிடைக்கும் தொகை குறையும். வாயில்கள் திறக்கும் கணம்வரை அந்த விகிதம் மாறிக்கொண்டே இருக்கும். திடலுக்கு வெளியே அமைந்த பந்தய நிலையங்களில் தொலைக்காட்சித் திரை பெற்ற வடிவத்தை விளக்குவது இந்தக் கணக்குத்தான். அங்கே திரையின் பெரும்பகுதியை எண் வரிசைகள் பிடித்துக்கொண்டன: குதிரை எண், வெற்றித் தொகை, இடத்தொகை, ஓட்டம் தொடங்க எஞ்சிய நிமிடம். பிரிட்டிஷ் நிகழ்ச்சி அரைமணி நேரக் காத்திருப்பைக் கதையால் நிரப்பியது என்றால், சிங்கப்பூரின் நிலையத்துத் திரை அதை விகிதத்தால் நிரப்பியது. ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் மலேசியாவிலும் நடந்த ஓட்டங்களும் அதே திரையில் அடுத்தடுத்து வந்தன. பார்ப்பவருக்கு அவை எந்த ஊரில் ஓடுகின்றன என்பது பொருட்டாகவில்லை. நேரலை என்ற தொழில்நுட்பம் இங்கே முழு வளர்ச்சி அடைந்திருந்தது, ஆனால் அதன் பார்வையாளர் ஏற்கெனவே சீட்டு வாங்கியவர் மட்டுமே.

இந்த வட்டத்தை உடைக்கும் முயற்சி கிராஞ்சியில் நடந்தது. ஏறத்தாழ 50 கோடி வெள்ளி செலவில், 30,000 பேர் கொள்ளும் அரங்கோடும் இரவுப் பந்தயத்துக்கான மின்விளக்குகளோடும் கட்டப்பட்ட இத்திடல், தொடக்கத்திலிருந்தே கேமராவை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. 2000-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அனைத்துலகக் கோப்பைக்கு ஐரோப்பாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் குதிரைகள் விமானத்தில் வந்தன. முதல் ஆண்டில் உள்ளூர்க் குதிரையான ஊசோ, ஜாக்கி சாயிமீ ஜுமாட் ஓட்ட, வெளிநாட்டுக் குதிரைகளை வென்றது. ஒரு பொது நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல தொடக்கக் கதை கிடைத்திருக்காது. 2003-இல் சார்ஸ் நோய் காரணமாகக் கோப்பை கைவிடப்பட்டது. 2011-இல் கிராஞ்சியில் பயிற்சி பெற்ற ராக்கெட் மேன் என்ற குதிரை துபாயின் கோல்டன் ஷஹீன் பந்தயத்தையும், ஊர் திரும்பிச் சிங்கப்பூரின் கிரிஸ்ஃபிளையர் குறுந்தொலைவுப் பந்தயத்தையும் வென்றபோது, பந்தயப் பக்கங்களை என்றும் புரட்டாதவர்களும் ஒரு குதிரையின் பெயரை அறிந்தனர். அந்தப் பெயரைச் சுற்றி ஒரு பார்வையாளர் கூட்டத்தைத் தொடர்ந்து வளர்க்கும் இலவச ஒளிபரப்பு ஒன்று இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது இன்று ஊகத்துக்கே உரியது. அனைத்துலகக் கோப்பை 2015-க்குப் பின் நடக்கவில்லை.

சென்னையின் நிலையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. கிண்டித் திடலில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஓட்டங்கள் நடந்துவந்தன. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் இயற்ற, வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம், வெறும் அதிர்ஷ்டம் அன்று என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறம், ஓடுதளத்தின் தன்மை ஆகியவற்றை ஆய்ந்து முடிவெடுப்பது அறிவின் வேலை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் அந்த அறிவைப் பொதுமக்களுக்குக் கற்றுத்தரும் ஒளிபரப்பு தமிழில் அங்கேயும் எழவில்லை. தமிழ்ப் பார்வையாளர் குதிரைப் பந்தயத்தைப் பெரும்பாலும் திரைப்படத்தில்தான் கண்டார். அங்கே அது சொத்தை இழக்கும் குடும்பத் தலைவனுக்கும் நாயகனின் திடீர்ச் செல்வத்துக்கும் குறுக்குவழியாக மட்டுமே பயன்பட்டது.

கிராஞ்சியின் வீழ்ச்சியை எண்களே சொல்கின்றன. 2010-இல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 11,000 பேர் வந்த திடலில், கொவிட் கட்டுப்பாடுகள் நீங்கி 2022-இல் மீண்டும் கதவு திறந்தபின் வந்தோர் சராசரியாக 2,600 பேரே. 2010-இல் திறக்கப்பட்ட இரண்டு சூதாட்டக் கூடங்களும், 2016-இல் அனுமதிக்கப்பட்ட இணையவழிப் பந்தயமும் இதற்குக் காரணம் என்பர். அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. பணம் கட்டுவதற்காக மட்டும் வந்த பார்வையாளர், பணம் கட்ட வேறு வசதியான இடம் கிடைத்ததும் போய்விடுவார் என்பதில் வியப்பில்லை. பார்ப்பதற்காக வரும் பார்வையாளரை உருவாக்காத பந்தயம், அவர் வராததைப் பற்றிப் புலம்ப முடியாது. கொவிட் காலத்தில் ஆளற்ற அரங்கின் முன் குதிரைகள் ஓட, திரைவழியே பந்தயம் நடந்தது. அரங்கு இல்லாமலும் இத்தொழில் இயங்கும் என்பது அப்போதே மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது.

2023 ஜூன் 5 அன்று, கிராஞ்சியின் 120 ஹெக்டர் நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசிடம் திரும்பும் என்று அறிவிக்கப்பட்டது. 2024 அக்டோபர் 5 அன்று கிராண்ட் சிங்கப்பூர் தங்கக் கோப்பையோடு கடைசிப் பந்தயம் முடிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், 2024 செப்டம்பரில், தமிழக அரசு கிண்டித் திடலின் குத்தகையை ரத்துசெய்து நிலத்தைக் கைப்பற்றும் நடவடிக்கையில் இறங்கியிருந்தது. புக்கிட் தீமாவின் பழைய திடல் நிலத்தில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரை கட்டத் திட்டமிடப்பட்டுள்ளது. கிராஞ்சி நிலமும் வீட்டுவசதி உள்ளிட்ட தேவைகளுக்கே போகவிருக்கிறது. சிங்கப்பூர் பூல்ஸ் நிறுவனம் வெளிநாட்டுக் குதிரைகள்மீது பந்தயம் ஏற்பதை நிறுத்தவில்லை. நாட்டில் பந்தயத் திடல் இல்லாமற்போன பின்னும் திரை எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்றாவது திடலின் கேமராக் கோபுரங்கள் கால் நூற்றாண்டு காலம் ஒவ்வொரு ஓட்டத்தையும் பல கோணங்களில் பதிவுசெய்துள்ளன. ஜாக்கிகள், லாயப் பணியாளர்கள், அரங்கின் முகங்கள் ஆகிய எல்லாம் அடங்கிய அந்தப் பதிவுகள் விசாரணைச் சான்றுகளாக எடுக்கப்பட்டவை. இன்று அவை ஒரு தொழிலின் வரலாற்றுச் சான்றுகள். அவற்றையும் முடிவுக்கோட்டுப் படங்களையும் தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்து, தமிழ் உள்ளிட்ட நான்கு மொழிகளிலும் விளக்கக் குறிப்புகளோடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவைக்க வேண்டும். கிராஞ்சியின் நிலம் கைமாறும் 2027 மார்ச்சுக்கு முன்னரே அந்தப் பணி முடிவது நலம்.